விருந்தாளியின் விருந்தாளி

1

ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போனவர், அங்கே தன் நண்பர்களையும் வரச்சொல்லலாமா?

நம்மூர்க் கல்யாணப் பத்திரிகை இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. ‘சுற்றமும் நட்பும் சூழ’ வாருங்கள் என்று அதுவே எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஆனால் அது ஒருவேளைச் சாப்பாடு. மண்டபம் வாடகைக்கு எடுத்தது. பந்தியில் நான்கு இலை கூடினால் ரசத்தில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்துவிடும், அவ்வளவுதான். இதையே ஒரு கிராமத்துக்கு, பல மாதங்களுக்கு, வேறொரு கண்டத்துக்கு என்று நீட்டிப் பாருங்கள். கேள்வி கனமாகிவிடுகிறது.

எனக்கு இது வந்தது தெற்குத் தான்சானியாவில். ருவுமா மாநிலத்தில், சோங்கியா நகரத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கத்தோலிக்க மிஷன் மருத்துவமனையில் 14 மாதம் இருந்தேன். நான் பாதிரியாரும் இல்லை, டாக்டரும் இல்லை. நோயாளிகளின் காகிதப் பதிவேடுகளைக் கணினிக்கு மாற்றுகிற வேலை. ஓபன்எம்ஆர்எஸ் என்று ஒரு திறமூல மென்பொருள் இருக்கிறது. 2004 இல் கென்யாவின் எல்டோரெட் நகர மருத்துவமனைத் தேவையை ஒட்டிப் பிறந்தது. அதை நிறுவி, ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, சர்வர் படுத்துக்கொள்ளும்போதெல்லாம் எழுப்பிவிடவேண்டும். தங்குவதற்கு மிஷன் வளாகத்தின் ஓரத்தில் இரண்டு அறை வீடு கொடுத்திருந்தார்கள். வாடகை இல்லை. மழைநீர்த் தொட்டி ஒன்று, ஒரு நாளைக்குச் சில மணி நேரம் ஓடும் ஆழ்குழாய்த் தண்ணீர், முற்றத்தில் ஒரு பப்பாளி மரம்.

ஆறாவது மாதத்தில் கல்லூரி நண்பர்களிடமிருந்து செய்தி வந்தது. “மச்சான், செரெங்கெட்டி பாக்க வர்றோம். அப்படியே உன் ஊருக்கும் வந்து ஒரு வாரம் இருக்கோம். ஓகேதானே?”

‘உன் ஊர்’ என்ற அந்தச் சொல்லில்தான் எனக்குச் சிக்கல் தொடங்கியது.

2

ஸ்வாஹிலியில் விருந்தாளிக்கு ‘ம்கேனி’ என்று பெயர். அந்நியர், வெளிநாட்டவர், ஊருக்குப் புதியவர் எல்லோருக்கும் அதே சொல்தான். இதற்கு எதிர்ப்பக்கம் நிற்கும் சொல் ‘ம்வென்யேஜி’. விருந்தளிப்பவர் என்று பொருள். உள்ளூர்க்காரர் என்றும் பொருள். அதன் முதற்பாதியான ‘ம்வென்யே’ ஒன்றை உடையவரைக் குறிப்பது. ஆக, அந்த மொழி கணக்கைத் தெளிவாக முடித்து வைத்திருக்கிறது. ஊருக்கு உரியவர்தான் விருந்தளிக்க முடியும். மற்ற எல்லோரும், எத்தனை வருஷம் இருந்தாலும், விருந்தாளிகள்.

பிரெஞ்சு மொழியில் இது நேரெதிர். விருந்தளிப்பவருக்கும் விருந்தாளிக்கும் ஒரே சொல், ‘ஓத்’. விருந்தோம்பல் பற்றித் தெரிதா 1990களில் நடத்திய வகுப்புகளில் இந்த இரட்டைப் பொருளைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போகிறார். அவர் காட்டும் முரண் எளிமையானது. ஒருவரை வரவேற்க வேண்டுமென்றால் வீடு என்னுடையதாக இருக்கவேண்டும், கதவைத் திறக்கவும் மூடவும் எனக்கு அதிகாரம் வேண்டும். ஆனால் உண்மையான வரவேற்பு என்றால், யார் என்று கேட்காமல், கதவின் மேலுள்ள அந்த அதிகாரத்தையே விட்டுக்கொடுக்கவேண்டும். அதிகாரம் இல்லாமல் விருந்தோம்பல் இல்லை. அதிகாரம் இருக்கிறவரை அது முழுமையும் இல்லை.

தெரிதாவின் சிக்கல் வீடுள்ளவருடைய சிக்கல். என் சிக்கல் வேறு. நான் திறந்துவிடப்போகும் கதவு என்னுடையது இல்லை.

தமிழில் ‘விருந்து’ என்றால் முதற்பொருள் புதுமை. தொல்காப்பியம் புதிதாகப் பாடப்படும் செய்யுளுக்கு இந்தப் பெயரைக் கொடுக்கிறது. பிறகுதான் புதிதாக வந்த ஆளுக்கும், அவருக்குப் போடும் சோற்றுக்கும் அது பெயரானது. 43ஆவது குறளுக்கு உரை எழுதும்போது பரிமேலழகர் விருந்தினரை இரண்டாகப் பிரிக்கிறார். முன்பே அறிமுகம் இருப்பதால் நம்மைக் குறித்து வருபவர் ஒருவகை. அறிமுகம் இல்லாமல் வந்து சேர்பவர் இன்னொரு வகை. 

இந்தப் பிரிவு எனக்கு ரொம்ப உதவியாக இருந்தது. நண்பர்கள் எனக்கு முதல் வகை. அவர்களுடைய குறட்டைச் சத்தம்கூட எனக்குப் பழக்கம். ஆனால் அதே ஆட்கள், அதே நாளில், அந்தக் கிராமத்துக்கு இரண்டாம் வகை. முன்பின் தெரியாதவர்களை ஏற்பதுதான் விருந்தோம்பலில் கடினமான பகுதி. அந்தக் கடினமான பகுதியை ஊரிடம் கொடுத்துவிட்டு, சுலபமான பகுதியை நான் வைத்துக்கொள்வேன். விஷயத்தை இப்படி எழுதிப் பார்த்தபிறகு, ‘ஓகேதானே?’ என்பதற்கு உடனே பதில் தட்ட முடியவில்லை.

3

செலவுக் கணக்கைப் பார்க்கலாம். அவர்கள் வரப்போவது ஆகஸ்டில். அந்தப் பகுதியில் மழை நவம்பர் கடைசி, டிசம்பர் வாக்கில் தொடங்கி ஏப்ரலோடு முடிந்துவிடும். ஆகஸ்டில் தொட்டியின் அடி தெரியும். எனக்கு ஒருநாளைக்கு 20 லிட்டர் கேன் இரண்டு போதும். மூன்று பேர் கூடினால் எட்டு. குழாயடியில் எனக்கு முன்னும் பின்னும் நிற்பவர்கள் யார்? வார்டில் படுத்திருக்கும் நோயாளிகளின் சொந்தக்காரர்கள். அங்கே பல மருத்துவமனைகளைப் போலவே இங்கும் நோயாளிக்குச் சமைத்துப்போடுவது குடும்பத்தின் பொறுப்பு. வளாகத்துக்குப் பின்னால் மூன்று கல் அடுப்பு வைத்து அக்காவோ அம்மாவோ உகாலி கிண்டிக்கொண்டிருப்பார். என் நண்பர்களின் குளியல் தண்ணீர் இவர்களுடைய சமையல் தண்ணீரோடு ஒரே வரிசையில் நிற்கிறது.

இதற்குப் பணத்தால் தீர்வு உண்டு. மிஷன் விருந்தினர் இல்லம் இருக்கிறது, கட்டணமும் இருக்கிறது. பெனடிக்ட் துறவியர் மடங்களுக்கு 6ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒழுங்குநூலின் 53ஆவது அத்தியாயம் விருந்தினர் பற்றியது. வரும் எல்லாரையும் கிறிஸ்துவாக எண்ணி ஏற்கச் சொல்கிறது, ஏழைகளையும் யாத்திரிகர்களையும் கூடுதல் கவனத்தோடு. இது எல்லாருக்கும் தெரிந்த பகுதி. அதே அத்தியாயத்தில் அதிகம் பேசப்படாத இன்னொரு ஏற்பாடு உண்டு. மடத்தலைவருக்கும் விருந்தினருக்கும் சமையலறை தனியாக இருக்கவேண்டும். விருந்தாளிகள் கண்ட நேரத்தில் வருவார்கள், அதனால் மற்றத் துறவிகளின் ஒழுங்கு கலையக்கூடாது என்பது காரணம். மென்பொருள்காரனாக எனக்கு இது உடனே பிடித்துப்போனது. எதிர்பாராத சுமை வந்தால் மொத்த அமைப்பும் விழுந்துவிடாமல் தனியாகத் தாங்க ஒரு இடம். அன்பு அளவில்லாமல் இருக்கட்டும், அடுப்பு தனியாக இருக்கட்டும்.

நண்பர்களை விருந்தினர் இல்லத்தில் தங்கவைத்தேன். தண்ணீர், சாப்பாடு, படுக்கை எல்லாம் கட்டணத்தில் அடங்கும். கணக்கு நேராகிவிட்டது என்றுதான் தோன்றும். பக்கத்து வீட்டு அம்மாவிடம் அந்தக் கணக்கு செல்லவில்லை.

அவர் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை செய்கிறவர். அங்கே பெண்களைப் பிள்ளையின் பெயரோடு சேர்த்து ‘மாமா’ என்று கூப்பிடுவார்கள். மாமா என்றால் அம்மா. இது நாக்கில் படிய எனக்கு ஒரு மாதம் ஆனது. நண்பர்கள் வந்து இறங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை ‘போலே நா சஃபாரி’. பயணப்பட்டு வந்த சிரமத்துக்கு வருந்துகிறேன் என்று அர்த்தம். சஃபாரி என்றால் அந்த மொழியில் வெறும் பயணம்தான், சிங்கம் இருக்கவேண்டிய கட்டாயமில்லை. இரண்டாம் நாள் மாலை எங்கள் எல்லாரையும் வீட்டுக்கு வரச்சொன்னார். கோழி அடித்திருந்தார்.

வந்தவர்களில் ஒருத்தி சைவம். முந்தின நாளே சொல்லியிருந்தேன், இவள் ‘ஞாமா’ சாப்பிடமாட்டாள் என்று. ஞாமா என்றால் இறைச்சி. அவர் பொறுமையாகத் தலையாட்டியிருந்தார். தட்டைப் பார்த்து நான் விழித்தபோது, “இது ஞாமா இல்லையே, கோழிதானே” என்றார். எல்லாரும் சிரித்தோம். அவளுக்கு அவரை இருந்தது. அவள் பங்குக் கோழி கடைசிப் பையனுக்குப் போனது, அந்த வீட்டில் அன்றைக்கு அதிகம் சந்தோஷப்பட்டவன் அவன்தான்.

ஒரு கோழி அந்த வீட்டுப் பொருளாதாரத்தில் என்ன என்று எனக்குத் தெரியும். பள்ளிச் சீருடைக்கோ நோட்டுக்கோ பணம் போதாதபோது விற்கிற சேமிப்பு அது. பணம் கொடுத்தால் அவர் சாப்பாட்டுக் கடை நடத்தினவர் ஆகிவிடுவார். கொடுக்காமல் விட்டால், மூன்று மென்பொருள் சம்பளக்காரர்கள் ஒரு சலவைத் தொழிலாளியின் சேமிப்பைத் தின்றுவிட்டுப் போனதாக ஆகும்.

இந்த இடத்தில் பூர்தியூ துணைக்கு வருகிறார். அல்ஜீரியாவின் கபைல் மக்களிடையே களப்பணி செய்தவர். கொடைக்கும் பதில்கொடைக்கும் நடுவே காலம் கடக்கவேண்டும், திரும்பிப் போவது வேறொரு பொருளாக இருக்கவேண்டும் என்பதைக் கவனித்தார். உடனே, அதே அளவுக்குத் திருப்பிக் கொடுப்பது வாங்க மறுப்பதற்குச் சமம். நம்ம வீட்டிலும் இதுதானே நடக்கிறது? பக்கத்து வீட்டிலிருந்து பலகாரம் வந்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பக்கூடாது, ஆனால் அன்றைக்கே திருப்பினால் அம்மா திட்டுவாள். பள்ளி திறக்கும் மாதம்வரை காத்திருந்தேன். சர்க்கரை, சோப்பு, இரண்டு நோட்டுப் புத்தகக் கட்டு போனது. யாரும் கோழியைப் பற்றிப் பேசவில்லை.

4

இதுவரை சொன்னது வீட்டுக்கணக்கு. இதற்கு அடியில் ஊர்க்கணக்கு ஒன்று இருக்கிறது, அது இன்னும் பழையது.

நான் மிஷனின் விருந்தாளி. மிஷன் யாருடைய விருந்தாளி?

1795 இல் கான்ட் ‘நிரந்தர அமைதி’ பற்றி எழுதிய சிறுநூலில் விருந்தோம்பலைத் தயவாகப் பார்க்காமல் உரிமையாக வைக்கிறார். பூமி உருண்டை, மனிதர்கள் முடிவில்லாமல் சிதறிப்போக முடியாது, ஆகவே ஒருவர் இன்னொருவர் மண்ணில் காலடி வைத்தால் பகைவனாக நடத்தப்படாமல் இருக்க உரிமை உண்டு. ஆனால் அது வந்துபோகும் உரிமை மட்டும்தான், தங்கிவிடும் உரிமை இல்லை. ஐரோப்பிய வணிக நாடுகளுக்கு ‘வருகை’ என்றாலே கைப்பற்றுவது என்று ஆகிவிட்டதை அவர் கடுமையாகச் சாடுகிறார். வணிக நிலையம் அமைக்கிறோம் என்று சொல்லிப் படையை இறக்கியதற்கு இந்தியாவையே உதாரணம் காட்டுகிறார். சீனாவும் ஜப்பானும் வந்தவர்களை அளந்து உள்ளே விட்டது புத்திசாலித்தனம் என்கிறார். தன் ஊரான கோனிக்ஸ்பெர்கை விட்டு அதிகம் நகராத மனிதர் இதைச் சரியாகப் பார்த்திருக்கிறார்.

ருவுமாவில் இதற்கு நேரடி வரலாறு உண்டு. சோங்கியாவுக்குப் பக்கத்திலுள்ள பெரமிஹோவில் ஜெர்மன் பெனடிக்ட் துறவிகள் 1898 இல் வந்து அமர்ந்தார்கள். 1905 இல் ஜெர்மன் காலனி ஆட்சிக்கு எதிராக மாஜி மாஜி எழுச்சி வெடித்தபோது பெரமிஹோ மிஷனும் எரிக்கப்பட்டது. துறவிகளுக்கும் ஆட்சியாளர்களுக்கும் இடையே வேறுபாடு இருந்ததா என்பது வரலாற்றாசிரியர்களின் கேள்வி. எரித்தவர்களுக்கு இருவரும் கேட்காமல் வந்து தங்கிவிட்ட விருந்தாளிகள். ஜெர்மன் படை பயிர்களை எரித்துப் பட்டினியைப் போர்முறையாக்கியது. இறந்தவர்களின் மதிப்பீடு 75,000 தொடங்கி 3,00,000 வரை போகிறது. பிறகு மிஷன் திரும்ப எழுந்தது. பள்ளி வந்தது, மருத்துவமனை வந்தது, மரத்தச்சும் அச்சுக்கூடமும் வந்தன. இன்று அந்தப் பகுதியில் மிஷன் மருத்துவமனையை மூடு என்று யாரும் சொல்லமாட்டார்கள். பல வார்டுகளை நடத்துவது தான்சானியச் சகோதரிகளும் தான்சானிய டாக்டர்களும்தான்.

ஆக, விருந்தாளியாக வந்தவன் வீட்டுக்காரனாகி, இப்போது வருகிறவர்களுக்கு அவனே ‘கரிபு’ சொல்லி வரவேற்கிறான். நான் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி, என் நண்பர்கள் அடுத்த கண்ணி. இந்தச் சங்கிலியின் முதல் ‘உள்ளே வரலாமா?’ கேட்கப்படவே இல்லை என்று தெரிந்தபிறகு, கடைசிக் கண்ணி என்ன செய்யவேண்டும்?

‘நான் காலனியாட்சிக்காரன் இல்லை, இந்தியன்’ என்று நழுவிவிடவும் முடியாது. எனக்கு அங்கே தயாராக ஒரு பெயர் இருந்தது: ம்ஹிண்டி. கடைக்கு அங்கே ‘டுகா’ என்று பெயர், நம்ம பக்கத்து ‘துகான்’தான். கிழக்காப்பிரிக்காவில் இந்தியர் என்றால் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் என்று ஒரு நூற்றாண்டுப் பழக்கம். நான் கடைக்குள் போனால் சில சமயம் என்னிடமே விலை கேட்பார்கள்.

5

மிஷனுக்கு வருகிற விருந்தாளி என்றால் உலகத்துக்கு நினைவில் நிற்கும் ஊர் லாம்பரேனே. இன்றைய காபோனில், ஓகூவே ஆற்றங்கரையில். ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1913 இல் அங்கே மருத்துவமனை தொடங்கினார். அவரே முதலில் நிபந்தனைகளோடு வந்த விருந்தாளி. பாரிஸ் மிஷன் சங்கத்துக்கு அவருடைய இறையியல் பிடிக்கவில்லை. பிரசங்கம் செய்யமாட்டேன், வைத்தியம் மட்டும் பார்ப்பேன் என்று உறுதி கொடுத்தபிறகே இடம் கிடைத்தது. பிறகு அந்த இடம் அவருடையதாகவே ஆகிவிட்டது. 1952ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் அவருக்குக் கிடைத்தபிறகு, பத்திரிகையாளர்களும் அரசியல்வாதிகளும் பிரபலங்களும் ஆற்றைக் கடந்து வந்துகொண்டே இருந்தார்கள். இரவுச் சாப்பாட்டு மேசை, அதன் முடிவில் பைபிள் வாசிப்பு, அவர் வாசிக்கும் பியானோ எல்லாம் வந்தவர்களின் எழுத்தில் திரும்பத் திரும்ப வரும். அந்த மேசையில் உட்கார்ந்தவர்கள் ஐரோப்பிய ஊழியர்களும் விருந்தாளிகளும். நோயாளிகளின் குடும்பங்கள் வெளியே தங்கள் அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தன.

ஜான் குந்தர் போல வந்தவர்களில் சிலர் மருத்துவமனையின் சுத்தத்தையும் ஷ்வைட்சரின் எதேச்சாதிகாரத்தையும் குறை சொல்லி எழுதினார்கள். ஆனால் ஆழமான அடி ஒரு ஆப்பிரிக்கரிடமிருந்து வந்தது. 1975 இல் கான்ராட் பற்றிய தன் புகழ்பெற்ற உரையில் சினுவா அச்செபே ஷ்வைட்சரை இழுக்கிறார். ஆப்பிரிக்கன் என் சகோதரன்தான், ஆனால் இளைய சகோதரன் என்ற அவருடைய நிலைப்பாட்டை எடுத்து, அந்த இளையவர்களுக்குத் தகுந்தமாதிரியான மருத்துவமனையைத்தான் கட்டினார் என்று முடிக்கிறார்.

தமிழில் இதைப் படிக்கும்போது ஒரு சங்கடம் உண்டு. நம் பேச்சில் அண்ணன் உண்டு, தம்பி உண்டு. மேல்கீழ் இல்லாத உடன்பிறப்பைச் சொல்ல எழுத்துத்தமிழுக்குத்தான் போகவேண்டும். ஸ்வாஹிலியில் ‘ந்டுகு’ என்று ஒரு சொல் இருக்கிறது. உடன்பிறந்தவர், உறவினர், தோழர் எல்லாவற்றுக்கும் பொது. யார் மூத்தவர் என்று அது கேட்பதில்லை.

லாம்பரேனேயிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: வந்தவர்கள் எந்த மேசையில் உட்காருகிறார்கள் என்பதைப் பார்த்தால் போதும், யார் விருந்தாளி, யார் காட்சிப்பொருள் என்று தெரிந்துவிடும். என் நண்பர்கள் ஊரின் மேசையில் உட்கார்ந்தால் அவர்கள் விருந்தாளிகள். என் மேசையில் உட்கார்ந்துகொண்டு ஊரைப் பார்த்தால், ஊரையே நான் அவர்களுக்குப் பலகாரமாகப் பரிமாறுகிறேன்.

6

மூன்றாம் நாள் குழந்தைகள் எடை பார்க்கும் நாள். மரக்கிளையில் தராசு தொங்கும். கால்சட்டை மாதிரி ஒரு துணிப்பையில் குழந்தையை மாட்டித் தொங்கவிட்டு எடை எடுப்பார்கள். தொங்குகிற குழந்தையின் முகத்தில் வரும் ஆச்சரியம் இருக்கிறதே, பார்க்கிற யாருக்கும் கை போனுக்குப் போகும். நண்பன் போனைத் தூக்கிக் காட்டி, எடுக்கட்டுமா என்று சைகையில் கேட்டான். அம்மாக்கள் சிரித்தார்கள். எடுத்தான்.

ராத்திரி பேச்சு அங்கேதான் போய் நின்றது.

“கேட்டுட்டுத்தானே எடுத்தேன். அவங்களும் சரின்னாங்க.”

“அவங்களால வேணாம்னு சொல்ல முடியுமா?”

“ஏன் முடியாது? வாய் இல்லையா? அவங்களுக்கு ‘நோ’ சொல்லத் தெரியாதுன்னு நீயே முடிவு பண்றது மட்டும் மரியாதையா?”

அவன் கேட்டது நியாயமான கேள்வி. இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. விருந்தாளியின் கோரிக்கையை மறுப்பது அவமானம் என்று நினைக்கும் ஊரில், விருந்தாளி கேட்பதே ஒரு வற்புறுத்தல். அங்கே கிடைக்கும் சம்மதத்தை முழுச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. அதே நேரம், அந்த ஊர்க்காரர்களுக்கு மறுக்கத் தெரியாது என்பதும் பொய். அவர்களுடைய மறுப்பு வேறு வடிவத்தில் வரும். ஸ்வாஹிலியில் ‘பாடோ’ என்றால் இன்னும் இல்லை. கல்யாணம் ஆச்சா என்று கேட்டால், அறுபது வயதுக்காரர்கூட ‘இல்லை’ என்று சொல்லமாட்டார், ‘பாடோ’ என்பார். ‘கேஷோ’ என்றால் நாளைக்கு. அந்த நாளை எப்போது என்று கேட்கக்கூடாது. ‘போறேன்’ என்று சொல்லாமல் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லிப் பழகிய நமக்கு இது புரியாத பாஷை இல்லை.

மறுப்பு இருக்கிறது, அதைப் படிக்கக் காலம் வேண்டும். ஒரு வாரத்துக்கு வந்தவனுக்குச் சிரிப்பு மட்டும் தெரியும், சிரிப்பின் வகைகள் தெரியாது. அதனால் என் முடிவு இப்படி: மறுப்பை வாசிக்கத் தெரியாத இடத்தில், மறுக்கமுடியாத ஒன்றைக் கேட்காமல் இருப்பது விருந்தாளியின் கடமை. அதை வாசிக்கத் தெரிந்தவன் நடுவில் நிற்கவேண்டும், அதற்குத்தான் நான் அங்கே இருக்கிறேன். நண்பன் இதை முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து போனை அறையில் வைத்துவிட்டு வந்தான்.

7

இதுவரை படித்தவர்களுக்கு, பேசாமல் அவர்களை வரவேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். நானும் அதை யோசித்தேன். ஆனால் அந்த யோசனையில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஊரின் சுமையை மட்டும் எண்ணுகிறது, ஊரின் விருப்பத்தைக் கேட்பதில்லை.

பக்கத்து வீட்டு அம்மா மாதத்துக்கு ஒருமுறையாவது என்னிடம் கேட்பார்: உன் ஆட்கள் வரவில்லையா? நான் டிக்கெட் விலையைச் சொல்வேன். அவர் ‘போலே’ என்பார். நோயாளியிடம் சொல்கிற அதே தொனியில். யாருமே தேடி வராத மனிதன் அவர் பார்வையில் பரிதாபத்துக்குரியவன், கொஞ்சம் சந்தேகத்துக்கும் உரியவன். நண்பர்கள் வருகிறார்கள் என்று சொன்னபோது அவர் முகத்தில் வந்தது நிம்மதி. இவனுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், தண்டிக்கப்பட்டு ஓடிவந்தவன் இல்லை.

ஸ்வாஹிலியில் ஒரு பழமொழி: ‘ம்கேனி ன்ஜோ, ம்வென்யேஜி அபோனே’. விருந்தாளி வரட்டும், வீட்டுக்காரர் குணமடையட்டும். வீட்டில் எல்லாருக்கும் நல்ல சாப்பாடு கிடைக்கும் நாள் விருந்தாளி வரும் நாள்தான் என்று கேலியாகவும் சொல்வார்கள், அந்தக் கடைசிப் பையன் இதற்குச் சாட்சி. ஆனால் கேலிக்கு மேலேயும் அதில் அர்த்தம் இருக்கிறது. கொடுக்கிற இடத்தில் நிற்பது ஒருவருக்குத் தரும் நிமிர்வு சாதாரணமானது இல்லை. அந்த அம்மா வாரம் ஆறுநாள் மற்றவர்களின் அழுக்குத் துணியைத் துவைக்கிறார். தூர தேசத்திலிருந்து வந்த மூன்று பேர் அவர் வீட்டுப் பாயில் உட்கார்ந்து, மரியாதைக்கு ‘ஷிகமோ’ சொல்லி, அவர் கையால் சாப்பிட்ட நாளில் அவர் ம்வென்யேஜி. அவருடைய ஏழ்மையைக் காரணம் காட்டி அந்த இடத்தை அவரிடமிருந்து எடுத்துவிட எனக்கு என்ன உரிமை? மிஷன்களும் தொண்டு நிறுவனங்களும், என்னைப்போன்ற மென்பொருள் உதவியாளர்களும் அந்த ஊரை நிரந்தரமாக வாங்குகிற பக்கத்திலேயே உட்காரவைத்திருக்கிறோம். விருந்து என்பது அவர்கள் எங்களை எதிர்ப்பக்கம் உட்காரவைக்கும் அரிய தருணம்.

இன்னொரு பழமொழி இதைச் சமன் செய்கிறது. ‘ம்கேனி சிகு ம்பிலி, சிகு யா தாது ம்பே ஜெம்பே’. விருந்தாளிக்கு இரண்டு நாள், மூன்றாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடு. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நாமும் கிட்டத்தட்ட அதே நாட்கணக்கில்தான் நிற்கிறோம். நாம் மூன்றாம் நாளோடு அனுப்பிவைக்கிறோம், அவர்கள் வயலுக்குக் கூப்பிடுகிறார்கள். 1962 இல் உஜாமா பற்றி எழுதிய கட்டுரையில் நைரேரே இந்தப் பழமொழியை எடுத்தாள்கிறார். வீட்டுக்காரர் கொடுக்கும்வரை காத்திருக்காமல் விருந்தாளியே மண்வெட்டியைக் கேட்டு வாங்கும் சாத்தியமே அதிகம் என்றும் சேர்த்துக்கொள்கிறார். உழைக்காமல் தின்பது அந்தச் சமூகத்தில் வெட்கம் என்பது அவர் வாதம். உஜாமா என்றால் குடும்பத்தன்மை. விருந்தாளி குடும்பமாவது மண்வெட்டியில்தான்.

நண்பர்களுக்கு என்ன மண்வெட்டி? வார்டில் விடமுடியாது, பயிற்சி இல்லாதவர்கள் நோயாளிகளிடம் பழகிப்பார்ப்பது யாருக்கும் நல்லதில்லை. கடைசியில் ஒருவன் பதிவறையில் பெயர் சரிபார்க்க உட்கார்ந்தான். சைவக்காரி மாலையில் மக்காச்சோளம் உதிர்க்க அந்த அம்மா வீட்டுக்குப் போனாள். முதல்நாள் அவள் வேகத்தைப் பார்த்து வீடே சிரித்தது. நான்காம் நாள் யாரும் கவனிக்கவில்லை.

8

ஆக, என் கேள்விக்கு நான் வந்தடைந்த பதில்: விருந்தாளிக்கு விருந்தாளி இருக்கலாம், ஆனால் அழைப்பை அவன் கொடுக்கக்கூடாது. ஊர்தான் கொடுக்கவேண்டும். அங்கே யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று ‘ஹோடி’ என்று குரல் கொடுப்பார்கள். உள்ளிருந்து ‘கரிபு’ வந்தால்தான் காலடி எடுத்து வைப்பார்கள். நண்பர்கள் டிக்கெட் எடுப்பதற்குமுன் அந்த அம்மாவிடமும் மருத்துவமனைச் சகோதரியிடமும் ‘பலோசி’யிடமும் போய்ச் சொன்னேன். பலோசி என்றால் தூதர். பத்து வீட்டுக்கு ஒருவர் என்று நைரேரே காலத்தில் வந்த ஏற்பாடு. யார் வீட்டில் யார் வந்து தங்குகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். அவர் யோசித்துவிட்டு, வரட்டும், ஆனால் சீக்கிரம் வரட்டும், செப்டம்பரில் தண்ணீர் இன்னும் மோசமாகும் என்றார். எனக்குக் கிடைத்த ‘கரிபு’க்களில் மிகவும் நேர்மையானது அது.

தீராத ஒன்று மிச்சமிருக்கிறது. நண்பர்கள் கிளம்பியபிறகு ஒருநாள் அந்த அம்மா கேட்டார். “நான் உங்கள் ஊருக்கு வந்தால் எங்கே தங்குவேன்?” வேடிக்கையாகத்தான் கேட்டார். “எங்கள் வீட்டில்தான்” என்றேன். சொல்லும்போதே என் மனசு பெங்களூருக் குடியிருப்பின் கேட்டுக்குப் போய்விட்டது. அங்கே வருகிறவர்களுக்குச் செயலியில் வகைகள் உண்டு: விருந்தாளி, டெலிவரி, டாக்சி, வீட்டுவேலை. காவலாளி ஒன்றைத் தேர்ந்தெடுப்பார், என் போன் அதிரும், நான் பொத்தானை அழுத்தவேண்டும். ஆப்பிரிக்கப் பெண் ஒருவர் பையோடு வந்து நின்றால் காவலாளி எந்த வகையை அழுத்துவார், குடியிருப்போர் குழுவில் அன்றிரவு என்ன செய்தி ஓடும் என்று எனக்குத் தெரியும். அந்தச் செயலியைப் போன்றவற்றை எழுதுகிறவர்கள் என்னைப் போன்றவர்கள்தான். அதில் ‘ஹோடி’ உண்டு, ‘கரிபு’வுக்குப் பொத்தான் உண்டு, பாய் மட்டும் இல்லை.

என் நண்பர்களுக்குத் தான்சானிய விசா 50 டாலரில், இணையத்திலேயே முடிந்தது. அந்த அம்மாவிடம் பாஸ்போர்ட் இல்லை. எடுத்தாலும் டிக்கெட் அவருடைய எத்தனை மாதச் சம்பளம் என்று அவரிடம் நான் கணக்குப்போட்டுக் காட்டியதில்லை. கான்ட் சொன்ன வந்துபோகும் உரிமை எல்லா மனிதருக்கும் பொது. நடைமுறையில் அது ஒருபக்கம் மட்டும் திறக்கிற கதவு. திரும்பி வரமுடியாதவர் வீட்டில் சாப்பிட்ட கோழியை நோட்டுப் புத்தகத்தால் ஈடுகட்ட முடியும் என்று நான் நம்பவில்லை. சாப்பிடாமல் வந்திருந்தால் சரியாகியிருக்கும் என்றும் நம்பவில்லை. 

திரும்பி வந்தபிறகு குடியிருப்போர் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வைத்தேன், வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு முன்னனுமதி வேண்டும் என்ற விதியை எடுக்கச்சொல்லி. இரண்டு பேர் ஆதரித்தார்கள். அடுத்த கூட்டத்திலும் வைப்பதாக இருக்கிறேன்.